கிழக்கு மலைக் குருவியும் மேற்கு மலைக் குருவியும்

கிழக்கு மலை ஆய்வு நிலையம்
மார்ச் 4

மேற்கு மலை மகாராணிக்கு,

நலம். இங்கே பேச்சுத் துணைக்குத் தண்ணீர் பம்ப் இருக்கிறது. நான் எது சொன்னாலும் உறுமும், கல்யாணமான புதிதில் நீ உறுமியதைப் போல.

நேற்று டைரக்டர் வந்தார். "என்னய்யா, புருஷன் பொண்டாட்டி ஆளுக்கொரு மலையில உக்காந்து குருவி பாக்குறீங்க? ரெண்டும் ஒரே இனம்னா ஒரு நிலையம் போதுமே" என்றார். எனக்கு வாயெல்லாம் பல்.

யோசித்துப் பார். உன் குருவிக்கு வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டி ஓடுகிறது. என் குருவிக்குக் கண்ணோடு நின்றுவிடுகிறது. அதற்கு வயிறு சாம்பல், இதற்குத் துரு நிறம். கூடு, முட்டை, மிரட்சி எல்லாம் ஒன்று. எனக்கும் என் அண்ணனுக்கும் இதைவிட வித்தியாசம் உண்டு. எங்களை யாரும் இரண்டு இனமாக்கவில்லை.

நீ இங்கேயே வந்துவிடலாம். அலமாரியில் பாதியைக் காலி செய்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்

மேற்கு மலை
மார்ச் 15

கிழக்கு மலைக்காரருக்கு,

ஒரே இனமென்றால் இரண்டு மலைக் குருவிக் கணக்கையும் கூட்டி, "அதான் நிறைய இருக்கே" என்று காட்டை வெட்ட விட்டுவிடுவார்கள். அரை அலமாரிக்காக அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். உண்மையிலேயே ஒன்றுதான் என்றால் மறுக்கவும் மாட்டேன். எனக்கும் தனியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது.

தன் எல்லைக்குள் தன் இனத்தான் பாடினால் ஆண் குருவி சண்டைக்கு வரும். உங்களுக்குத் தெரியாததா! என் குருவியின் பாட்டைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பாருங்கள். உங்கள் குருவி சண்டைக்கு வந்தால் நானும் வருகிறேன்.

மேற்கு மலைக்காரி

கிழக்கு மலை
ஏப்ரல் 2

மகாராணிக்கு,

போட்டேன். ஒரு குருவி இறகைக் கோதிக்கொண்டிருந்தது. இன்னொன்று புழு தின்றது. சத்தத்தைக் கூட்டினேன், நிதானமாகத் தின்றது. இந்த மலைப் பாட்டைப் போட்டதும் பாய்ந்து வந்து என் தொப்பியைக் கொத்தியது.

பக்கத்தில் சாட்சி யாருமில்லை.

இரண்டு இனம்தான். டைரக்டருக்கு அப்படியே எழுதிவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்

மேற்கு மலை
ஏப்ரல் 20

கிழக்கு மலைக்காரருக்கு,

உத்தரவு வந்துவிட்டது. இரண்டு காடும் தப்பின. இரண்டு நிலையமும் நிரந்தரம். வாழ்த்துகள்.

சாட்சி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். "சண்டைக்கு வந்தது" என்று எழுதியிருந்தால் நம்பி வந்திருப்பேன். பிறகு ஒருநாள் நானே போட்டுப் பார்த்திருப்பேன்; அதற்கப்புறம் உங்கள் முகத்தில் விழித்திருக்க மாட்டேன். அதையெல்லாம் யோசித்துத்தான் உண்மையை எழுதினீர்களா? இல்லை, பொய் சொல்லலாம் என்றே தோன்றவில்லையா?

பதில் எழுத வேண்டாம். எதுவாக இருந்தாலும் நான் இங்கேதான் இருக்கப் போகிறேன்.

பொறுப்பாளர்,
மேற்கு மலை ஆய்வு நிலையம்