தவிடு கொடுத்து மீட்ட பிள்ளை

8-6-78, வியாழன்

காலையிலேயே அனல். ரைஸ் மில்லில் தவிடு வாங்கியாயிற்று, ஒரு முறம் நிறைய வரும். ஞாயிறு திருமழபாடி கோயிலில் பாப்பாவுக்குக் காது குத்து. அங்கேயே தவிட்டைக் கொடுத்து அவளை மீட்க வேண்டும்.

இன்னும் வாங்க: சந்தனம், வெற்றிலை, பச்சைப் பாவாடை.

முதல் இரண்டு பிள்ளைகளும் தொட்டிலில் போடுமுன்பே போய்விட்டன. மூன்றாவதைத் தவிட்டுக்கு விற்றால்தான் தங்கும் என்றார் மாமியார். என் ஓரகத்தி, இவருடைய அண்ணன் மனைவி, ஒரு முறம் தவிட்டைக் கொட்டிவிட்டு வாங்கிக்கொண்டார். நாலு வீடு தள்ளித்தானே, சாஸ்திரத்துக்குத்தானே என்றார்கள். அவருக்குப் பிள்ளை கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்க்கிறவள். பிள்ளை அங்கேயே வளர்ந்தது. அவர் 'அம்மா', நான் 'சித்தி'. மாற்றிச் சொன்னால் எமன் காதில் விழுந்துவிடுமாம்! எமன் ஏமாந்தானோ என்னவோ, ஐந்து வருஷமாக நான் ஏமாந்தேன். உலை கொதிக்கிறது, போகணும்.

10-6-78, சனி

ஓரகத்தி வந்தார். "புள்ளைக்கு மோர்சோறுதான் எறங்கும். கொழம்ப ஊத்திப்புடாத." எனக்குப் பாடம்! பெற்றவளுக்கு!

இவர் வேறு. "அண்ணி பாவம்டி. ரெண்டு நாளா சாப்புடல."

"நான் அஞ்சு வருசமா சாப்புட்டனா?" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போய்விட்டார்.

11-6-78, ஞாயிறு

கொள்ளிடத்தில் வெறும் மணல். கால் பொசுங்கிற்று. என் அண்ணன் மடியில் உட்கார்ந்து பாப்பா கத்தின கத்தல்! "அம்மா, அம்மா" என்று. என்னை அல்ல. ஓரகத்தி தூணுக்குப் பின்னால் நின்றார், வரவில்லை. மெச்சத்தான் வேண்டும். மனசு வரவில்லை.

தவிட்டைக் கொட்டினேன். ஓரகத்தி பிள்ளையை என் கையில் தந்தார். பாப்பா என் தோளைக் கடித்தாள்.

கூட்டத்தில் யாரோ: "வுடு, ரெண்டு நாள்ல ஒட்டிக்கும்."

பஸ்ஸில் தூங்கிவிட்டாள். காதில் ரத்தம். கை வைக்கப் பயமாக இருந்தது.

13-6-78, செவ்வாய்

லேசான தூறல். புழுக்கம் போகவில்லை.

"இனிமே சித்தின்னு சொன்னா வாயிலயே போடுவேன்" என்று இவர் மிரட்டியிருக்கிறார். பெரிய அப்பா! அதிலிருந்து அவள் என்னை எதுவும் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைத் தட்டுகிறாள். மோர்சோறுதான் தின்கிறாள்.

ஓரகத்தி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிறந்த ஊருக்குப் போய்விட்டாராம். நல்லது. நல்லது என்று எழுதிவிட்டு அழுகிறேன், யாருக்காக என்று தெரியவில்லை.

15-6-78, வியாழன்

பாப்பாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. என் வகுப்புதான். அங்கே அழவே இல்லை. மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து கத்தினாள், பாட்டுக்குக் கை தட்டினாள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வரும் வழியில் கமர்கட் வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து நின்றாள். ஒரு கையைக் கட்டிக்கொண்டு, மறு கையில் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு. இவர் மிரட்டினபின் என்னிடம் முதல் பேச்சு.

"டீச்சர், ஒண்ணுக்கு வருது. போவட்டுமா?"

போயிட்டு வா என்றேன்.