கூரையில்லாத காருக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு பவுண்டு

ஹார்ன்காசில்
ஜனவரி 28, 1996, ஞாயிறு

அன்பு மகள் கிளெண்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நின்று நடமாடுகிற அளவுக்கு நலம். உன் அப்பாவுக்கு இருமல் இருக்கிறது, எனக்கு உன் அப்பா இருக்கிறார், மற்றபடி குறை ஒன்றுமில்லை. அங்கே நீயும் டோபியும் வயிற்றில் இருப்பதும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுத்தில் எழுதிப் போடு, போனில் கேட்டால் நீ எல்லாவற்றுக்கும் நல்லாத்தாம்மா இருக்கேன் என்கிறாய், கால் வீங்கியிருப்பதை டோபிதான் சொன்னான். நாலு வயசுப் பிள்ளைக்கு இருக்கிற வாய் உனக்கு இல்லை, அவன் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறான். மாப்பிள்ளை மறுபடியும் சுரங்கத்துக்குப் போய்விட்டாராமே, மூன்று வாரம் அங்கே ஒரு வாரம் வீட்டில் என்பது என்ன குடித்தனமோ. டோபி பிறந்தபோது நீ ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தாய், நான் உலகத்தின் இந்தக் கோடியில் உட்கார்ந்து கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை மார்ச்சில் நான் பக்கத்தில் இருப்பேன் என்று சொன்னேன், சொன்னது சொன்னதுதான். கிறிஸ்துமஸ் அன்று டிக்கெட் வாங்கியாச்சா என்று நீ கேட்டபோது உன் அப்பா போனைப் பிடுங்கி, வண்டி வித்ததும் வாங்கிடுவோம் கண்ணு, இன்னிக்கோ நாளைக்கோ என்றார். இன்றைக்கும் விற்கவில்லை நாளைக்கும் விற்கவில்லை. ஏன் என்று அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன், டிக்கெட் என்ன ஆச்சு என்று கடைசித் தாளைப் புரட்டாமல் வரிசையாகப் படி.

இது நீ அந்த ஊருக்குப் போன பிறகு தொடங்கிய கூத்து, அதனால் உனக்குப் போட்டோவில்தான் தெரியும். ஒரு கம்பெனிக்காரன் பெட்டி பெட்டியாக இரும்புச் சட்டத்தையும் ஃபைபர் மேல்கூட்டையும் அனுப்புவான், பழைய கார் ஒன்றை வாங்கி அறுத்து அதன் இன்ஜினையும் சக்கரத்தையும் எடுத்து நாமே அதில் பூட்ட வேண்டும். வீட்டிலேயே கார் கட்டுவது என்று பெயர். சர்க்கரை ஆலையில் ஆயுள் முழுக்க ஸ்பேனர் பிடித்த மனுஷன் ஓய்வு பெற்ற மறுநாளே கொட்டகைக்குள் போய் மறுபடியும் ஸ்பேனர் பிடித்தார், ஏழு வருஷம் பிடித்தார். வந்தது என்ன, இரண்டு பேர் உட்காரக் கூடிய, கூரையில்லாத, முழங்கால் உயரச் சிவப்பு வண்டி. ஏறுவதற்குக் காலைத் தூக்கிப் போட வேண்டும், இறங்குவதற்கு நாலு பேர் வேண்டும். நன்றாக ஓடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விலை வைத்த அழகைக் கேள். பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்த ரசீதை எல்லாம் சாப்பாட்டு மேஜையில் பரப்பிக் கூட்டினார், அதோடு ஏழு வருஷத்துக் கூலியை ஆலைச் சம்பளக் கணக்கில் போட்டார், ஒன்பதாயிரத்து ஐந்நூறு பவுண்டு என்று அட்டையில் எழுதினார். ஏன் வில்ஃப், நான் கொட்டகைக்குக் கொண்டு வந்து வச்ச டீயையும் சேர்த்தியா, அதுக்கு ரசீது இல்லையே என்றேன். அதெல்லாம் உனக்குப் புரியாது குயீனி, செலவு பண்ணினதைத்தானே கேக்கறேன் என்கிறார். செலவு பண்ணினவன் நீ, வாங்கறவன் எதுக்கு அதைக் குடுக்கணும், அவன் உன்னை ஏழு வருஷம் கட்டச் சொன்னானா என்று கேட்டேன். அதற்கு இருமல்தான் வந்தது. நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன், அதுவும் எங்கள் அப்பா திருவிழாவுக்குத் திருவிழா கொண்டு போன ராட்டினம் எந்த ஊரில் நின்றதோ அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில், ஆனால் மழை நாளில் ராட்டினத்துக்கு வெயில் நாள் கட்டணம் கேட்டால் யாரும் ஏறமாட்டார்கள் என்று எனக்கு ஆறு வயசிலேயே தெரியும்.

அக்டோபரில் நாட்டிங்ஹாம் பக்கத்தில் மைதானத்தில் இந்த வண்டிகளுக்கென்று சந்தை. விலை அட்டையைக் கண்ணாடியில் செருகிவிட்டு ஆம்பிளைகள் எல்லாரும் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், மடியில் ஃபிளாஸ்க். சாண்ட்விச் பெட்டியைப் பார்த்தே யார் விற்க வந்தவன், யார் வேடிக்கை காட்ட வந்தவன் என்று சொல்லிவிடலாம். பெரிய விலை வைத்தவன் சாயங்காலம் வரைக்கும் சாப்பிடக் கொண்டு வந்திருப்பான், வீட்டுக்குத் திரும்ப ஓட்டிக்கொண்டு போகவேண்டியது வரும் என்று அவனுக்கே தெரியும். இப்படி வண்டி கட்டுகிறவர்களின் கிளப்புக்குச் செயலாளர் செட்ரிக் என்று ஒருத்தர், தபால் ஆபீசில் இருந்தவர், கழுத்தில் பட்டுக் கைக்குட்டை. அவர் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து, வில்ஃப், ஒன்பதரையா, தூக்கிக் குடுத்துடாதேப்பா, என்னுது பத்துக்குக் கொறைஞ்சு போகாது என்றார். உன் அப்பா முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. நான் கேட்டேன், பத்துக்குப் போகாதுன்னா எத்தனைக்குப் போச்சு செட்ரிக். போகலை, நாலு வருஷமா சரியான ஆளு வரலை என்றார். நாலு வருஷமாக வராத ஆள் சரியான ஆள்தான், சரியில்லாதது விலை. இப்படியே வரிசையில் ஒவ்வொருத்தனிடமும் போய்க் கேட்டேன், எல்லாரும் எவ்வளவு கேட்கிறார்கள் என்று சொன்னார்களே தவிர எவ்வளவுக்கு விற்றது என்று ஒரு வாயும் திறக்கவில்லை. பத்திரிகையில் வருவதும் கேட்கிற விலைதான், அதைப் பார்த்து இன்னொருத்தன் கேட்கிறான், அதைப் பார்த்து செட்ரிக் கேட்கிறார். கடைசியில் டீக் கடைப் பக்கம் ஐவி என்று ஒரு அம்மா, புருஷன் போன வருஷம் காலமாகிவிட்டார், இதே கம்பெனி வண்டி, இதே இன்ஜின், உன் அப்பா அடித்ததை விட நல்ல பெயிண்ட். என்ன விலைக்குப் போச்சு என்று கேட்டதும் மூச்சு விடாமல் சொன்னாள், நாலாயிரத்து அறுநூறு, வந்தவன் எண்ணி வச்சான், நான் சாவியைக் குடுத்தேன், எனக்கு இடம் வேணும்மா என்றாள். பார்த்தாயா. கட்டினவன் உயிரோடு இருக்கிற வரைக்கும் அந்த வண்டிக்கு உண்மையான விலை யாருக்கும் தெரியாது. விதவைகளுக்குத்தான் தெரியும்.

இதைச் சொன்னால் உன் அப்பா, அது பாவம் பொம்பளை ஏமாந்து போச்சு என்கிறார். அன்றைக்கே ஒரு ஆள் நின்று பார்த்து ஆறாயிரம் தருகிறேன் என்றான், அந்த மைதானத்திலேயே பெரிய முட்டாள் அவன்தான், நான் அவன் கையைப் பிடித்து உட்கார வைக்காத குறை. உன் அப்பா அவனிடம், போன வாரம்தான் புது டயர் போட்டேன், அதை விளம்பரத்துல சேர்க்கலை, ஒன்பதாயிரத்து எழுநூறு ஆகும் என்றார். ஏற்றினார் கிளெண்டா, விலையை ஏற்றினார். அந்த ஆள் நல்ல மனுஷன், சிரிக்காமல் போனான். போகிற போக்கில் முன்னால் குனிந்து நம்பர் பலகையைப் பார்த்து, ஓ, க்யூவா என்றான். இது இன்னொரு கதை. அறுத்தது ஒரே ஒரு பழைய கார் என்றால் அதன் பதிவுத் தாளைக் காட்டி அதன் வயசையே புது வண்டிக்கு வாங்கிக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். உன் அப்பா என்ன செய்தார், காரை அறுத்த அன்றே, இது இப்ப கார் இல்லையே, வச்சிருக்கறது பொய்யில்லையா என்று அந்தத் தாளில் உடைத்தாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு சர்க்காருக்கு அனுப்பிவிட்டார். அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சர்க்கார் ஆள் வந்து பார்த்துவிட்டு, பிறந்த வருஷம் தெரியாத வண்டிகளுக்குக் கொடுக்கிற க்யூ எழுத்துப் பலகையைக் கொடுத்துவிட்டான். அப்பன் பெயர் தெரியாத பிள்ளை மாதிரி அது நிற்கிறது, ஏழு வருஷம் பெற்ற அப்பன் பக்கத்திலேயே ஸ்பேனரோடு நின்றும். அந்த ஒரு எழுத்தைப் பார்த்ததும் வருகிறவர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள். அந்த எழுத்துக்குச் செட்ரிக் கூட விலை குறையும் என்று ஒத்துக்கொள்கிறார் என்றால் பார்த்துக்கொள்.

டிசம்பர் போயிற்று, ஜனவரி வந்தது. மழையில் கூரையில்லாத காரை ஒன்பதரைக்கு விற்க உட்கார்ந்திருக்கிறார், வசந்தம் வரட்டும் குயீனி, வெயில் வந்தா விலை வரும் என்கிறார். வெயில் வரும்போது பிள்ளை பிறந்து தவழ்ந்துகொண்டிருக்கும். டிக்கெட் விற்கிற பெண் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இரண்டு இடத்தைப் பிடித்து வைப்பேன் என்றாள். நான் வாரா வாரம் வருகிற விளம்பரப் பத்திரிகைக்குப் போன் போட்டு விலையை மாற்றச் சொன்னேன். ஐவிக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டேன், க்யூவுக்குக் கழித்தேன், ஜனவரிக்குக் கழித்தேன், பேரம் பேசுகிறவன் மனம் குளிரக் கொஞ்சம் மேலே வைத்தேன், நாலாயிரத்து ஐந்நூறு. போனில் இருந்த பெண் நீங்கதான் வண்டிக்கு உரிமையாளரா என்றாள், உரிமையாளருக்கு உரிமையாளர் என்றேன். பத்திரிகை வந்த அன்று காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று மாசம் ஊமையாகக் கிடந்த போன். உன் அப்பா எடுத்தார், எவ்வளவு, எவ்வளவு என்று இரண்டு தடவை கேட்டார், பிறகு என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கொட்டகைக்குப் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். டீ கொண்டு போனேன். வித்துட்டா அப்புறம் இந்தக் கொட்டாயில நான் என்ன பண்ணுவேன் என்றார். பேரப் பிள்ளையப் பாக்கப் போவ, அதுக்குத்தானே விக்கிறோம் என்றேன். ஏரோபிளேன்ல நான் முறுக்காத நட்டை நம்பி எப்படி குயீனி அவ்வளவு ஒசரம் போறது என்றார். இதுதான் சங்கதி. ஒன்பதரை என்பது விலையே இல்லை, தாழ்ப்பாள். நூறு மைல் வேகத்தில் தலையில் ஒன்றும் இல்லாமல் ஓட்டுகிறவருக்கு வானத்தைப் பார்த்தால் நடுக்கம், அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு விலையைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார். அவ ஆஸ்பத்திரியில தனியாக் கிடக்கப் போறா வில்ஃப் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஒரு கால்நடை டாக்டரும் பெண்டாட்டியும் வந்தார்கள். மழைக் கோட்டு, சேறு படாத பூட்ஸ். மாடு பிடிக்க வந்தவர் மாதிரி வண்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். உன் அப்பா முந்திய நாளிலிருந்து பேச்சைக் குறைத்திருந்தார், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், க்யூவைத் தானே காட்டினார். டாக்டர் நாலாயிரத்து முந்நூறு என்றார். நல்ல விலை, நான் மனசில் வைத்திருந்த அதே விலை. உன் அப்பா தலையாட்டப் போகிறார். அப்போது அந்த டாக்டர் உள்ளே கையை விட்டு, சீட்டு மட்டும் மாத்தணும், இது ஏதோ கைத்தையல், ஏதோ திருவிழா நாற்காலி மாதிரி இருக்கு, நானூறு கொறைச்சுக்கலாமா என்றார். அந்தச் சீட்டை யார் தைத்தது தெரியுமா உனக்கு. நான். எங்கள் அப்பா ராட்டினத்து இருக்கையில் போட்ட அதே சிவப்புத் தோல், அவர் போன பிறகு நான் சுருட்டி வைத்திருந்த கடைசிச் சுருள், இரட்டைத் தையல், உள்ளே குதிரை முடி. மழையில் ஆயிரம் பேர் உட்கார்ந்தாலும் பிரியாத தையல் அது. நான் வெளியே வந்து, டாக்டரே, அந்தச் சீட்டுக்கு என்ன கூலி ஆகும் தெரியுமா, அந்தத் தோல் இப்ப எங்கயும் கிடைக்காது, அதைச் சேர்த்தா ஐயாயிரம் ஆகும் என்றேன். டாக்டர் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். உன் அப்பா என்னைப் பார்த்தார். ரசீது இருக்கா குயீனி என்றார். ஏழு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்த மாதிரி நிதானமாகக் கேட்டார்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார், கேள். ஸ்பேனரை எடுத்து வண்டிக்குள் காலை விட்டுக் குனிந்து சீட்டைக் கழற்ற ஆரம்பித்தார். டாக்டர் பயந்துபோய், ஐயா, வேணாம், நான் சும்மா கேட்டேன், நாலாயிரத்து முந்நூறே தர்றேன், சீட்டோடயே இருக்கட்டும் என்கிறார். உன் அப்பா நிமிரவே இல்லை, உங்களுக்கு வேண்டாத சீட்டு உங்களுக்கு எதுக்கு, நானூறைக் கொறைச்சுக்குங்க என்கிறார். கையில் வந்த நானூறு பவுண்டை நட்டோடு நட்டாகக் கழற்றிப் புல்லில் போட்டார். விலை வைக்கத் தெரியாத மனுஷன், விற்கவும் தெரியாத மனுஷன். நான் தடுக்கவில்லை. மறுநாள் டாக்டர் டிரெய்லர் கொண்டு வந்து சீட்டில்லாத வண்டியை ஏற்றிக்கொண்டு போனார், உன் அப்பா தெருமுனை வரைக்கும் பின்னாலேயே நடந்து போய் அதைக் கட்டியிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அன்று மத்தியானமே டிக்கெட் வாங்கியாயிற்று, இரண்டு டிக்கெட். மார்ச் ஐந்தாம் தேதி பெர்த்தில் இறங்குகிறோம். ஜன்னல் ஓரம் அவருக்கு வேண்டாமாம், எனக்குத்தான்.

கழற்றிய கார்ச் சீட்டு இரண்டும் முன்னறையில் டெலிவிஷனுக்கு எதிரே தரையில் இருக்கிறது, நான் ஒன்றில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், எழுந்திருக்க உன் அப்பா கை கொடுக்க வேண்டும். செட்ரிக் வந்து பார்த்துவிட்டு, மூவாயிரத்துத் தொள்ளாயிரமா, மார்க்கெட்டையே கெடுத்துட்டீங்களே என்று புலம்பிவிட்டுப் போனார், அவர் வண்டி பத்தாயிரத்துக்குக் கொட்டகையில் பத்திரமாக இருக்கட்டும். நீ காலை உயரமாக வைத்துப் படு, உப்பைக் குறை, பாரம் தூக்காதே, டோபியைத் தூக்குவதும் பாரம்தான். மாப்பிள்ளையிடம் என் பெயரைச் சொல்லி மார்ச் மாசம் ஒரு வாரமாவது சுரங்கத்தை விட்டு வரச் சொல். பிள்ளை நல்லபடியாக, நல்ல குரலோடு பிறக்கட்டும், நீங்கள் நாலு பேரும் ஒரு கூரைக்குக் கீழே நோய் நொடி இல்லாமல் வாழுங்கள், உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. விமான நிலையத்தில் உன் அப்பாவிடம் வண்டி என்ன விலைக்குப் போச்சு என்று கேட்காதே. நீ கேட்காவிட்டாலும் அவரே சொல்வார், ஒன்பதரை என்பார். முகத்தைச் சுளிக்காமல் தலையை ஆட்டு.

இப்படிக்கு, மார்ச் ஐந்தாம் தேதி உன் வாசலில் நிற்கப்போகிற
உன் அம்மா
குயீனி தர்ல்பி