மூலையில் விட்ட கொடி

அண்ணா,

இன்று காலை கடுக்காய்ச் சாற்றில் எருமைப்பாலைக் கலந்து, சித்திரம் எழுதுவதற்கான துணிகளை முக்கி, ஏரிக்கரையில் காயப்போட்டேன். வெயில் ஏறியதும் அந்த வாடை கிளம்பியது. நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. எரிச்சலாக வந்தது. உன் மேல் இல்லை, என் மேல்தான்.

கோட்டையில் இருந்த ஒல்லாந்து வெள்ளைக்கார வைத்தியரின் மனைவி, தனக்கென்று ஒரு தோள்போர்வை கேட்டு அனுப்பினாளே, அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. அவர்கள் பேச்சை நமக்கு மொழிபெயர்க்கும் துபாஷி நம் வாசலில் நின்றபடியே கேட்டார்: "கையால எழுதறீங்களா, அச்சு போடறீங்களா? தொரசானி கிட்ட இன்னா சொல்லட்டும்?"

நீ மூங்கில் எழுதுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தாய். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு உன் விரல்கள் நடுங்கின. வீட்டில் எல்லாரும் பார்த்தும் பாராத மாதிரி இருந்தோம். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அச்சே போட்டுடலாங்க. கோடு நேரா விழும்."

நீ எழுதுகோலைக் கீழே வைத்தாய். துபாஷி போய்விட்டார்.

அச்சுக்கட்டை துணியின் ஓரத்தில் ஓடும் கொடியை நேராகக் கொண்டுபோகும். மூலைக்கு வந்தால் அதற்குத் திரும்பத் தெரியாது. அங்கே கொடியை வளைத்துச் சேர்ப்பது எழுதுகோல்தான். நம் தொழிலில் யாருக்கும் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான்கு மூலைகளையும் வெறுமையாக விட்டு நான் அச்சடித்து முடித்த அன்று, நீ குளித்துவிட்டு வந்து துணிக்கு முன்னால் உட்கார்ந்தாய்.

"மூலைய நான் பாத்துக்கறேன்டா. நாலு வளைவுதானே" என்றாய்.

நான் துணியைச் சுருட்டிக்கொண்டு தோணியேறிவிட்டேன். தோணிரேவு என்கிற ஊரில் துணி எழுதுகிற வேறொருவனிடம் கொடுத்து நான்கு மூலைகளையும் முடித்து வாங்கினேன். பொழுது சாய்வதற்குள் திரும்பியபோதும் நீ அதே இடத்தில்தான் இருந்தாய். மையில் தோய்த்த எழுதுகோல் காய்ந்து போயிருந்தது.

"நல்லா வந்துச்சா?" என்று கேட்டாய்.

"ம்" என்றேன்.

அதற்குப் பிறகு நீ ஒரு துணியையும் தொடவில்லை. அந்த மழைக்காலம் முடியுமுன் கண்ணையும் மூடிவிட்டாய்.

போர்வை நன்றாகத்தான் இருந்தது. துரைசானி போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போனதை நானே பார்த்தேன். நீ எழுதி மூலை கோணியிருந்தால் ஒரு துணி கெட்டிருக்கும், அவ்வளவுதானே. இன்னொன்று போட்டிருக்கலாம். பாவி எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

இப்போதெல்லாம் கையால் எழுதுவதா, அச்சா என்று யார் வந்து கேட்டாலும், எழுதுகிறவனைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். நியாயமான ஆள் என்று ஊரில் பெயர் வேறு எடுத்துவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அண்ணா.