ஒன்பதாம் காட்டேஜின் சிவப்பு அட்டை

14-8-2002, புதன்

இன்று படுக்கை விரிக்கக் கற்றுக்கொண்டேன். வெள்ளை விரிப்பின் நான்கு மூலைகளையும் கடித உறை மாதிரி மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். மூன்று முறை சார் பிரித்துப் போட்டார். நாலாவது முறை ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பிளஸ் டூ இயற்பியலில் இரண்டு தடவை கோட்டை விட்டவனுக்கு இதுவே பெரிய பாராட்டு.

கல்லூரி செங்கல்பட்டில். சமுதாயக் கல்லூரி என்று பெயர். ஃபெயிலானவனையும் வா என்று கூப்பிடும் ஒரே கல்லூரி. சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் மேலாண்மை, ஓராண்டு டிப்ளமா. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் மட்டும் ஏழு பேர் இன்ஜினியரிங். அப்பா சாப்பிடும்போது சொன்னார்: "யாராவது கேட்டா மேனேஜ்மென்ட் படிக்கிறேன்னு சொல்லு. மேல பேசாத."

பிறகு அம்மாவிடம், எனக்குக் கேட்கட்டும் என்றே, ஊர் பேசுவது போலத் தன் பெயரையே சொல்லி: "தாமோதரன் பையன் கக்கூஸ் கழுவ டிப்ளமா வாங்கப் போறான்."

வாங்கித்தான் காட்டப்போகிறேன்.

22-10-2002

ஹவுஸ்கீப்பிங் தேர்வு. பத்து மதிப்பெண் கேள்வி: விருந்தினர் அறைக் கதவில் "தொந்தரவு செய்யாதீர்" என்ற சிவப்பு அட்டை தொங்கினால் என்ன செய்வாய்? எழுதினேன்: தட்டக் கூடாது. மதியம் இரண்டு மணிக்கு மேலும் தொங்கினால் சூப்பர்வைசரிடம் நேரில் சொல்ல வேண்டும். அவர் அறைக்குப் போன் செய்வார். யாரும் எடுக்காவிட்டால் மாற்றுச் சாவியால் திறந்து பார்ப்பார்.

பத்துக்குப் பத்து.

6-1-2003, திங்கள்

டிரெய்னிங் தொடங்கியது. மாமல்லபுரம் தாண்டி, கடலோரம் ஒரு ரிசார்ட். இருபது காட்டேஜ். மூன்று மாதம். நன்றாகச் செய்தால் இங்கேயே வேலையும் கிடைக்கலாம் என்று சூப்பர்வைசர் வசுமதி மேடம் சொன்னார்.

என்னைப் பூவாயி அக்காவுடன் போட்டிருக்கிறார்கள். ஒன்று முதல் பத்து வரை அவர் பொறுப்பு. பதினோரு வருஷ சர்வீஸ். தமிழில் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான் எழுத்து. அதனால் அறை அறிக்கையை நான் எழுதுகிறேன்: எது காலி, எது சுத்தம், எதில் அட்டை. அவர் சொல்லச் சொல்ல எழுதி மேடத்திடம் கொண்டுபோவது என் வேலை.

நான் மடித்த மூலையைப் பார்த்துவிட்டு, "பரவால்லியே! ஆபீசர் வூட்டுப் புள்ள, கை வளையாதுன்னு நெனச்சிகினு இருந்தேன்," என்றார்.

27-1-2003

பூவாயி அக்காவின் மகள் ஸ்ரீதேவி பத்தாவது படிக்கிறாள். "மத்ததெல்லாம் படிச்சிடுது தம்பி. இந்த இங்கிலீஷ்தான் பேஜாரா கீது."

போன வாரம், என் பெயரும் முகவரியும் எழுதிய பழைய அகராதியைக் கொடுத்தனுப்பினேன். கூடவே ஒரு வழியும் சொல்லிவிட்டேன். பாடத்தை ஒரு வரி விட்டு ஒரு வரி எழுது. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பென்சிலால் தமிழ் அர்த்தம் எழுது. அகராதியிலும் கிடைக்கவில்லை என்றால் காலியாக விடு, நான் எழுதித் தருகிறேன்.

அக்காவின் சோற்றுப் பையில் நோட்டு வந்துபோகிறது. அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. குண்டு குண்டான எழுத்து. முதல் நாள் பக்கத்துக்கு இருபது காலி இடம் இருந்தது. இன்று ஆறு.

எனக்கு ஏனோ சந்தோஷமாக இருக்கிறது. என்னிடம் ஒருவர் பாடம் கேட்பார் என்று நான் நினைத்ததில்லை.

1-3-2003, சனி

இந்தியா ஜெயித்தது! கேன்டீனில் சமையல்காரர், தோட்டக்காரர், செக்யூரிட்டி எல்லாரும் ஒரே டிவி முன்னால். பாகிஸ்தான் பேட்டிங் தொடங்கியதிலிருந்து நகரவில்லை. அறிக்கையை ஐந்து மணிக்கு மேடத்தின் மேசைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்ப ஓடினேன். தொண்டை கட்டிவிட்டது.

2-3-2003, ஞாயிறு

ஒன்பதாம் காட்டேஜ்.

எப்படி எழுதுவது?

காலை எட்டரைக்கு அட்டை இன்னும் தொங்குவதைப் பார்த்துப் பூவாயி அக்கா செக்யூரிட்டியைக் கூட்டிவந்து திறக்கச் சொன்னார். குளியலறையில் கிடந்தார். புனேவிலிருந்து தனியாக வந்திருந்த பெரியவர், ஓய்வுபெற்ற வாத்தியார். உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. கையெட்டும் தூரத்தில் ஒரு டவல் — நான் மடித்து வைத்தது.

வழுக்கி விழுந்து ஒரு நாள் ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

ஒரு நாள். நேற்றுக் காலை. அப்படியென்றால் நேற்று இரண்டு மணிக்கு அவர் —

நேற்று இரண்டு மணிக்கு அக்கா என்னிடம் சொன்னார். வார்த்தைகூட ஞாபகம் இருக்கிறது. "தம்பி, ஒம்பதுல செவப்பு அட்ட இன்னும் தொங்கிகினு கீது. மேடங்கிட்ட சொல்லிடு, இன்னா?" சரிக்கா என்றேன். அறிக்கையில் எழுதினேன். நேரில் போய்ச் சொல்லவில்லை. மேடம் இருந்தது ஆபீசில், கேன்டீனுக்கு எதிர்ப் பக்கம். ஒரு ஓவர் முடியட்டும் என்று நினைத்தேன். அப்புறம் மறந்தே போச்சு. மறந்தே போச்சுடா பாவி.

3-3-2003, திங்கள்

இறந்துவிட்டார். நேற்று இல்லாமல் முந்தாநாளே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம்.

மேனேஜர் பூவாயி அக்காவிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேசை மேல் சனிக்கிழமை அறிக்கை. என் கையெழுத்தில்: ஒன்பது, அட்டை, 2.05. கீழே அவருடைய கையொப்பம். படிக்காமலே போட்டிருக்கிறார்.

"இந்தப் பேப்பர் இருந்தா உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்," என்றார். "பூவாயிக்கு வேற எங்கியாவது வேலை கெடச்சிடும். ஒனக்கு சர்டிபிகேட்டே வராது. நல்லா யோசி ஷ்யாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அறிக்கையைக் கிழித்தார். அப்போதும் சொல்லவில்லை.

4-3-2003

அக்காவின் விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுத என்னையே கூப்பிட்டார்கள். அவரே கேட்டாராம், "எங்க தம்பி எழுதட்டும்" என்று.

மேடம் எதிரில் உட்கார்ந்திருந்தார். கார்பன் வைத்து இரண்டு பிரதி, ஒன்று ஆபீசுக்கு, ஒன்று அக்காவுக்கு. அக்கா நின்றபடியே சொன்னார்: "ரெண்டு மணிக்குப் பாத்தேன், உடனே தம்பிகிட்ட சொன்னேன், அத எழுதிக்க. தம்பிய திட்டாதீங்கமா, சின்னப் புள்ள, மறந்திருக்கும். அதையும் எழுதிக்க."

நான் எழுதியது: அட்டை தொங்கியதைப் பார்த்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. தவறு முழுவதும் என்னுடையது.

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அக்கா வாங்கி, திருப்பிப் பார்த்து, எழுத்தை விரலால் தடவிவிட்டு, மெதுவாகப் பெயர் போட்டார். கீழே விட்னஸ் என்று எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார் மேடம். போட்டேன்.

தம்பியைத் திட்டாதீர்கள் என்று சொன்னவர்.

10-3-2003

பூவாயி அக்காவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நோட்டு வரவில்லை.

5-4-2003, சனி

சர்டிபிகேட் விழா. சிறந்த பயிற்சி மாணவன் நான். ஒரு எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். ரிசார்ட்டில் வேலையும் உறுதி.

வெளியே வந்தால் கல்லூரி வாசலில் பூவாயி அக்கா. வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாரோ. முதலில் சிரித்தார். "பாஸாயிட்டியா தம்பி?" அப்புறம் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த கார்பன் பிரதியை எடுத்தார்.

"லேபர் ஆபீஸ்ல குடுத்துப் பாருன்றாங்க. அதுக்கு மின்னாடி நீ ஒருவாட்டி படிச்சி சொல்லு. நான் சொன்னதத்தான எழுதிகீற?"

ஆமாம்கா என்றேன். நீங்க சொன்னது அப்படியே இருக்கு என்றேன். அதோடு நிறுத்தினேனா? லேபர் ஆபீஸ் வேண்டாம்க்கா, அங்கே போனால் வேறு எந்த ஹோட்டலிலும் சேர்க்க மாட்டார்கள் என்றேன். அதைச் சொல்லச் சொல்லி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"அப்ப வேணாங்கிறியா?" தாளைத் திரும்ப நாலாக மடித்தார். "சரி. நீ சொன்னா சரிதான்."

திருக்கழுக்குன்றம் வரை ஒரே பஸ்ஸில் வந்தோம். பொண்ணு பரீட்சை நன்றாக எழுதியதாகச் சொன்னார். தட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, நல்ல கனம் என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பா அந்தத் தட்டை ஷோகேஸில் வைத்துவிட்டார். ஷ்யாம் ஹோட்டலில் ஆபீசர் என்று பக்கத்து வீட்டில் சொல்வது கேட்டது.

2-6-2003, திங்கள்

சலவைப் பகுதி ஆராயி அக்கா சொன்னார். ஸ்ரீதேவி பத்தாவது பாஸ். ஆங்கிலத்தில் எண்பத்தொன்று. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் சேரவில்லை. கடற்கரைக் கோயில் பக்கம் சங்கு, சோழி மாலை விற்கும் கடையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"பூவாயியை எந்த ஓட்டல்லயும் சேக்கல. ஆள் செத்த கேஸு, இங்க போன் பண்ணி விசாரிக்கிறாங்கல்ல. கருவாடு காய வெக்கப் போவுது. அதுவும் தெனமும் கெடையாது."

வேறு எங்காவது வேலை கிடைத்துவிடும் என்று மேடம் சொன்னதை நான் நம்பினேனா, நம்ப வசதியாக இருந்ததா?

16-6-2003

புது பேட்ச் பயிற்சிப் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு மணி விதியை நான்தான் விளக்கினேன். நேரில் சொல்ல வேண்டும், எழுதி வைத்தால் போதாது என்று இரண்டு தடவை சொன்னேன். ஒரு பெண் கேட்டாள்: "சொல்லலன்னா இன்னா சார் ஆவும்?"

மேடத்தைப் பார்த்தேன். மேடம் சாவிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

3-7-2003

டூட்டி முடிந்து கடற்கரைக் கோயில் வரைக்கும் போனேன். கடைகளைப் பார்க்காமலே திரும்பி வந்தேன்.

19-7-2003, சனி

இன்று எனக்கு விடுமுறை. தபாலில் ஒரு கவர். அனுப்பியவர் பெயர் இல்லை. முகவரி குண்டு குண்டான எழுத்தில்.

உள்ளே கடிதம் எதுவும் இல்லை. அந்த விளக்கத் தாளின் நகல் மட்டும். ஒரு வரி விட்டு ஒரு வரி, என் ஆங்கிலத்தை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பென்சிலால் தமிழ். பார்த்தும். யாரிடமும். சொல்லவில்லை. தவறு. முழுவதும். என்னுடையது. எல்லாம் சரி. ஓர் இடத்தில்கூடத் திருத்தம் இல்லை. அழித்து எழுதிய தடம்கூட இல்லை.

அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டியிருப்பாள். எங்கே உட்கார்ந்து கேட்டார்? என்ன சொன்னார்? கோபப்பட்டு ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைசி வரியில், என் பெயருக்கு மேலே, விட்னஸ். அந்த ஒரு சொல்லின் கீழே மட்டும் எதுவும் எழுதவில்லை.

அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது. எனக்குத் தெரியும், அது என் அகராதி.

காலியாக விடு, நான் எழுதித் தருகிறேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். காலையிலிருந்து பென்சிலைச் சீவிக்கொண்டே இருக்கிறேன். பாதிதான் மிச்சம் இருக்கிறது.