ரசத்தில் ஊற்றிய மாத்திரை

நேற்றைய தேதித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் ராமாமணி எழுத உட்கார்ந்தாள். மதியம் சாப்பிட வந்துவிட்டு, அப்படியே துடியலூர் போய் லேடி டாக்டரை நாலு கேள்வி கேட்கப்போவதாகக் கணவர் திருமலைசாமி கத்திவிட்டு மில்லுக்குப் போயிருந்தார். மாதவிலக்கு நின்றபின் ஊதிப்போன மனைவிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் ஈ மாத்திரை ஒரு மாதமாகியும் குணம் காட்டவில்லையாம். எப்படிக் காட்டும்? அது அவள் வயிற்றுக்குள் போகவே இல்லையே.

“ஏனுங்க, டாக்டரம்மாகிட்டச் சண்டைக்குப் போயிராதீங்க. அந்த மாத்திரை ஒண்ணைக்கூட நான் முழுங்கலீங்க. ஊக்குல குத்தி, உள்ளார இருக்கற எண்ணெயை உங்க ரசத்துல ஊத்திக்கிட்டு வந்தேன். ஊட்டுக்குச் சத்தான பண்டம் எது வந்தாலும் மொதல்ல ஆம்பளைக்குன்னு எங்கம்மா வளத்தாங்க. நீங்களும் பஞ்சுத் தூசியில எளைச்சுப்போயிட்டீங்க. தப்புத்தானுங்க.”

பேனா நின்றது. அவளுக்கு மூச்சு வாங்குகிறதென்று வெயிலில் டவுனெல்லாம் அலைந்து, அவர் அந்த மாத்திரைப் புட்டியோடு வந்து நின்ற கோலம் கண்முன் வந்தது.

“நானே போய் டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போட்டு வாரேன். பஸ்ஸு வேண்டாம், நடந்தே போறேன். மாத்திரையை மட்டும் நம்பாதே, நடந்தாத்தான் ஒடம்பு எளைக்கும்னு அவங்க சொன்னதையும் உங்ககிட்ட மறைச்சுப்போட்டேன். சோறும் ரசமும் மூடி வெச்சிருக்கேன். மில்லுக்குக் கெளம்பறப்ப சாவியைத் திரும்பவும் பக்கத்து ஊட்டுப் பாத்திமுத்துகிட்டயே குடுத்துருங்க.”

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

“இன்னைக்கு மாத்திரையை நான் முழுங்கிட்டேனுங்க. ரசத்துல மொளகு மட்டுந்தான். நம்பிச் சாப்பிடுங்க.”