இடப்பக்கத்து மோட்டார்

அன்புள்ள ஏன்னாவுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை நான் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. பேனாவுக்கும் அதற்கு மேல் துணிச்சல் வரமாட்டேன் என்கிறது. உங்கள் வருஷாப்திகம், முதல் வருஷத்துத் திதி, குறையில்லாமல் நடந்தது. உங்கள் தம்பி வரது, வழக்கம்போல, சடங்கு பண்ணிவைத்த வாத்தியாரோடு சண்டை போட்டுவிட்டுச் சமாதானமாகிவிட்டான். வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

நான் எழுத வந்தது அதற்கில்லை. உங்களோடு சண்டை போட வந்திருக்கிறேன். நீங்கள் பாட்டுக்குத் திருநாட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள். அந்தப் பொம்மைப் படகை யார் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள்? அலமாரி மேல் உட்கார்ந்துகொண்டு, வாலில் இரண்டு விசிறியோடு, ஒரு வருஷமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது சனியன்!

எத்தனை நாள் மெனக்கெட்டீர்கள் அதற்கு! தேக்குப் பலகையைச் செதுக்கினீர்கள். யுத்த காலத்துச் சாமான் என்று மதராஸிலிருந்து இரண்டு மோட்டார் வரவழைத்தீர்கள். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால்தான் படகு நேராகப் போகும், ஒன்று மந்தமானால் அந்தப் பக்கம் திரும்பிவிடும் என்று எனக்குப் பாடம் வேறு. அதற்காக மோட்டார்களைக் கழற்றிச் சமையலறை மேஜையில் வைத்து ஓட்டுவீர்கள். நான் பாட்டுக் கற்றவள் என்பதால் என் காதுதான் உங்களுக்குக் கருவி.

"கோமளம், கரண்டியைக் கீழ வை. சுருதி சேர்ந்துடுத்தா பாரு."

"சேர்ந்துடுத்துன்னா. ரசம் பொங்கறது, விடுங்கோ."

சேர்ந்துதான் இருந்தது. இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் புத்தூரில் உங்கள் ஆபீஸ் சங்கத்தின் ஆண்டு விழாவில், சத்திரத்துக் குளத்தில் விட்டதும் என்ன ஆயிற்று? இடப்பக்கமாகவே வளைந்து வளைந்து ஒரு வட்டம் போட்டது. காற்று என்றீர்கள். அடுத்த வருஷம் பாசி என்றீர்கள். சுக்கானைத் திருப்பிக் கட்டிச் சமாளிக்கலாமே என்றேன். "மோட்டார் ரெண்டும் ஒண்ணா ஓடினா சுக்கானே வேண்டாம்டி" என்று ஒரே வீம்பு. மூன்றாம் வருஷம் என்ன சொன்னீர்களோ, எனக்கு ஞாபகமில்லை. கேட்கிற பொறுமை எனக்கு இருக்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? எதையும் வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்று ஆபீஸ் முழுக்க உபதேசம் பண்ணின மனுஷருடைய படகு இடமாகச் சுற்றினால்? 'அப்பிரதட்சணம் சார்' என்று பேர் வைத்துவிட்டார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டீர்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நீங்கள் கிளம்பிப் போன அந்த வாரத்திலேயே, துக்கம் கேட்க வந்தவர் ஒருவர் வாசலில் நின்று வரதுவிடம் கேட்கிறார்: "அப்பிரதட்சணம் சார் வீடு இதுதானுங்களே?" உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு எப்படி இருந்திருக்கும்? பாவம், அவருக்கு உங்கள் நிஜப்பேர் தெரியாது. அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன். அதே குளத்தில், அதே ஜனங்கள் முன்னால், இந்தப் படகு ஒருமுறையாவது நேராகப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பேர் உங்களுக்கு நிலைத்துவிடும்.

வருஷம் முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்ததும் படகை இறக்கித் துடைத்தேன். உங்களைப் போல மோட்டாரைக் கழற்ற எனக்கு வரவில்லை. திருகு அசையவே மாட்டேன் என்றது. சரி, போ என்று பாட்டரிக் கட்டைகளைப் போட்டு, படகில் இருந்தபடியே சுவிட்சைத் தட்டினேன். ஏன்னா, இடப்பக்கத்து மோட்டார் அரை சுரம் இறங்கி அழுகிறது! மேஜையில் சேர்ந்த சுருதி படகுக்குள் எப்படி இறங்கும்?

பெரிய கடை வீதியில் ரேடியோ ரிப்பேர் பண்ணுகிற காதர் பாயிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் இரண்டையும் கழற்றி மேஜையில் ஓட்டினார். சுருதி சுத்தமாகச் சேர்ந்தது.

"ரெண்டும் நல்ல மோட்டாருங்கம்மா. ஒரு கோளாறும் இல்ல."

"பாய், படகுல இடப்பக்கம் இருக்கறது எதிர்ப்பக்கமான்னா சுத்தறது? அப்படி ஓட்டிப் பாருங்கோ."

ஒயரை மாற்றிக் கொடுத்தார். உடனே சத்தம் இறங்கியது. பாய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "கம்பெனிக்காரன் உள்ள மின்சாரம் ஏத்தற கார்பன் கட்டையக் கொஞ்சம் சாய்ச்சு வெச்சிருக்கான். வலமாச் சுத்துனா வேகம், இடமாச் சுத்துனா மந்தம். சார் இத ஒருவாட்டி கூட எதிர்ப்பக்கம் ஓட்டிப் பார்க்கலியா?"

காப்பிக்கொட்டை மிஷினைத் தவறிப்போய் இடமாகத் திருப்பினால்கூட, "அபசகுனம், வலமாச் சுத்துடி" என்று கத்துகிற மனுஷர், புது மோட்டாரை அப்பிரதட்சணமாக ஓட்டுவாரா? இரண்டு விசிறியும் எதிரெதிராகச் சுற்ற வேண்டும் என்று படம் போட்டவரும் தேவரீர்தான். மேஜையில் மட்டும் இரண்டுக்கும் பிரதட்சணம்! உங்கள் ஆசாரத்தில் தீயை வைக்க. இத்தனை வருஷம் காற்றையும் பாசியையும் திட்டினீர்களே!

பாய் இடப்பக்கத்து மோட்டாரின் கார்பனை எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்ப, நான் காதை வைத்துக் கேட்டேன். சேராத இரண்டு சத்தத்துக்கு நடுவில் 'வொய்ங், வொய்ங்' என்று ஒரு அதிர்வு வருமே, அது மெதுவாகி மெதுவாகிக் கடைசியில் நின்றது. "சேர்ந்துடுத்து" என்றேன். சொன்ன பிறகுதான், கேட்க நீங்கள் இல்லை என்று உறைத்தது. பாய் திருகை முடுக்கினார்.

ஆண்டு விழாவுக்குக் கிளம்பும்போது வரது வாசலை மறித்தான். "மன்னி, நீங்க இப்போ நாலு பேர் முன்னாடி போய்க் கப்பல் விடறதாவது! ஊர் என்ன சொல்லும்?"

"உங்க அண்ணாவை என்ன சொல்றதோ, அதுக்குப் பதில் சொல்லத்தான் போறேன். வேணும்னா கூட வா. இல்லேன்னா வழியை விடு."

வந்தான். பையையும் அவனே தூக்கினான்.

குளத்தில் விட்டேன். சுக்கானை நடுவில் வைத்துச் சுவிட்சைத் தட்டினேன். வழக்கமாக வளைகிற இடம் வந்தது. வளையவில்லை, ஏன்னா! கோடு கிழித்த மாதிரி நேரே போய் அக்கரைப் படியில் இடித்து நின்றது. கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். உங்கள் பழைய மேனேஜர் எழுந்து நின்று உங்கள் முழுப்பெயரை இனிஷியலோடு சொன்னார். இனி எவனாவது அந்தப் பட்டப்பெயரைச் சொல்லட்டும், பார்க்கிறேன்.

நான் மட்டும் இக்கரையில் குனிந்து, தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். எதற்கு என்று எனக்கே புரியவில்லை. வரதுதான் கேட்டான்: "மன்னி, அந்தக் கரையில பிடிக்க யாரையும் நிறுத்தலையா?"

நிறுத்தவில்லை. இத்தனை வருஷமும் அதற்குத் தேவையே இருந்ததில்லையே. வட்டம் போட்டுவிட்டு அது உங்கள் காலடிக்கே திரும்பி வந்துவிடும், குனிந்து எடுத்துக்கொள்வீர்கள். இப்போது போனது போனதுதான். அந்தப் படியிலேயே உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னால், வாய்விட்டு அழுதேன். ஊர் என்ன சொன்னதோ தெரியாது.

படகை மறுபடி அலமாரி மேல் வைத்திருக்கிறேன். அந்தக் கார்பனைப் பழையபடி திருப்பிவிடலாமா என்று கை பரபரக்கிறது. திருப்ப மாட்டேன். இது சத்தியம். உங்கள் பேர் எனக்குப் பெரிது. அடுத்த வருஷம் வரது இக்கரையிலிருந்து விடட்டும். அக்கரையில் நான் நிற்கிறேன்.

கோபம் இன்னும் தீராத,
உங்கள் ஆத்துக்காரி
கோமளம்