சனிக்கிழமைப் பீப்பாய்

மெர்சோ,
1960 ஜனவரி 10ஆம் தேதி தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

ஒரு காலத்தில் எனக்குக் கண்ணாக இருந்த எவரிஸ்துக்கு, ஆன்செல்ம் எழுதுவது.

நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் முதலில் உட்கார். இது என் கையெழுத்து. தபால்காரரோ பாதிரியாரோ பக்கத்தில் இல்லை. மேஜையில் மைக்கூடும் விளக்கும் ரொட்டித் துண்டும்தான் இருக்கின்றன. உன் பெயரை எழுதவே ஒரு முழுக் காலைப் பொழுது ஆனது. எழுதி முடித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

போன பிப்ரவரியில் நிலவறைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டேன். போன் ஊர் ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் மல்லாந்து கிடந்தேன். அங்கே சிஸ்டர் ஃபிலோமென் என்று ஒரு கன்னியாஸ்திரீ. குள்ளம், ஆனால் குரல் கோயில் மணி. ஒருநாள் சிலேட்டைக் கொண்டுவந்து என் வயிற்றின் மேல் வைத்தார். "சும்மா கூரையைப் பாத்துக்கிட்டுக் கிடக்கறதுக்கு இதையாவது பாருங்க" என்றார். "அறுபத்தொம்பது வயசுல கத்துக்கிட்டு நான் யாருக்கு எழுதப் போறேன் சிஸ்டர்?" என்றேன். "ஆள் கிடைக்காமலா போயிடும்?" என்றார். கிடைத்துவிட்டாய் பார்.

"உங்க எழுத்தும் உங்க இடுப்பு மாதிரியே ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்குது" என்று கடைசிநாள் வரை கேலி செய்தார். சாய்ந்திருந்தாலும் உனக்குப் புரியும். நீ நன்றாகப் படித்தவன்.

உன் கடிதங்களில் நானே படித்த முதலாவது, அக்டோபரில் வந்ததுதான். வயிற்றில் கட்டி என்று எழுதியிருந்தாய். மாண்ட்ரியல் டாக்டர் பாலைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்றாராம். பனி உருகியதும் முதல் கப்பலில் வருகிறேன், என் பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழலில் உறிஞ்சி ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் சாவேன், அதுவரை அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றும் எழுதியிருந்தாய். வேறு எதுவும் வேண்டாமாம். சந்தோஷம். அந்தப் பீப்பாயைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க. நாக்கில் நீர் ஊறட்டும் என்றே மெதுவாகச் சொல்கிறேன்.

என் நிலத்தை ஒட்டிய உன் ஆறு வரிசைத் திராட்சைக் கொடிகளை நாற்பது வருஷமாக நான்தான் பார்க்கிறேன். போன ஜனவரியில், விழுவதற்கு முன்பே, அவற்றைக் கவாத்துச் செய்துவிட்டேன். ஒரு கொடிக்கு ஒரு நீளக் கிளை, ஒரு குட்டைக் கிளை. மீதியைத் தள்ளுவண்டி அடுப்பில் எரித்துக் குளிர்காய்ந்தேன். ஜூனில் பூத்தது. அப்புறம் அடித்தது பார் ஒரு வெயில்! அப்படியொரு கோடையை நாம் இருவருமே பார்த்ததில்லை. பூத்து நூறு நாளில் பறிப்போம் அல்லவா, இந்த முறை தொண்ணூறே தாண்டவில்லை. நான் தடியை ஊன்றிக்கொண்டு வரிசைக்கு நடுவில் நின்றேன். பறிக்க வந்த பெண்கள், "தாத்தா, உங்களையும் சேத்துப் பறிச்சுக் கூடையில போட்டுடவா?" என்று கிண்டல் செய்தார்கள். பழம் தேன் நிறம். தோலில் பழுப்புப் புள்ளி. வாயில் போட்டால் விதைகூடக் கசக்கவில்லை.

அன்றே பிழிந்து, கசடு படிய ஒரு நாள் விட்டு, மேல்சாற்றைப் பீப்பாயில் இறக்கினேன். உனக்கு என் நிலவறையிலேயே நல்ல ஓக் பீப்பாய், வாசலுக்கு இடப்பக்கம், எப்போதும் போல. நான்காம் நாள் சாறு பேச ஆரம்பித்தது. காதை வைத்தால் கூரையில் மழை விழுகிற சத்தம். ஆறு வாரம் பேசிவிட்டு அடங்கியது. அதிலிருந்து வாரம் ஒரு முறை வளைந்த கம்பியை உள்ளே விட்டு, அடியில் கிடக்கும் வண்டலைக் கிளறிவிட்டேன். நம் ஒயினுக்கு அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று உன் ஊரில் யாருக்குத் தெரியும்? அந்த வண்டலிலிருந்துதான். கிறிஸ்துமஸுக்கு ஒரு மிடறு எடுத்துப் பார்த்தேன். வெண்ணெயும் வறுத்த ஹேசல் பருப்பும். விழுங்கிய பிறகும் வெகுநேரம் நாக்கை விட்டுப் போகவில்லை. இதைவிட நல்லதை நான் செய்ததில்லை, எவரிஸ்த். இனிச் செய்யவும் போவதில்லை.

நீ பாலைக் குடி.

ஜனவரி 14.

படிக்கத் தெரிந்ததும் மனிதன் என்ன செய்வான்? கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பான். மாவு மூட்டை, கடுகு ஜாடி, கழிவறைச் சுவர், எதையும் விடவில்லை. ஆகஸ்டில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வரிசையாகப் படித்தேன். ஒன்பது வருஷமாக அங்கே படுத்திருக்கும் என் ஓதீலின் கல்லைப் படித்தேன். அவளுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, என் மகள் லியோனியின் சின்ன இரும்புச் சிலுவையைப் படித்தேன். அடக்கம், 1916 நவம்பர் 11.

நாம் ஜெர்மன்காரன் முகாமில் இருந்தபோது எனக்கு வந்த கடிதங்களை நான் தகர டப்பாவில் வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து, அந்தத் தேதியிட்ட கடிதத்தைத் தேடி எடுத்தேன். ஒரு கடிதத்துக்கு இரண்டு மணி நேரம். ஓதீல் எழுதியிருந்தது இது:

"இன்று காலை நம் லியோனியைப் புதைத்தோம். தொண்டை அடைத்து நான்கு நாள் துடித்தாள். உங்கள் நீலச் சட்டையில் சுற்றி அனுப்பினேன். இன்று சனிக்கிழமை. கீழே போய்ப் பீப்பாய்களை நிரப்பினேன். நிரப்பாவிட்டால் கெட்டுவிடுமே."

நீ படித்துக் காட்டியது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. உருளைக்கிழங்குக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தோம். "இன்று சனிக்கிழமை. கீழே போய்ப் பீப்பாய்களை நிரப்பினேன். நிரப்பாவிட்டால் கெட்டுவிடுமே." அவ்வளவுதான் படித்தாய். நான் மார்பைத் தட்டிக்கொண்டு மற்ற கைதிகளிடம் சொன்னேன்: "பாத்தீங்களாடா எம் பொண்டாட்டியை! ஊரே எரிஞ்சாலும் சனிக்கிழமை தவற மாட்டா!" நீயும் சிரித்தாய். "பாப்பா எப்படி இருக்காளாம்?" என்று கேட்டேன். "நல்லா இருக்காளாம்பா. உன்னைத் தேடுறாளாம்" என்றாய். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவளை வளர்த்தது நீதான். ஓடினாள், பாட்டுப் பாடினாள், உயரமானாள். எல்லாம் உன் வாயிலேயே.

நம் பதில் ஓதீலின் தையல் பெட்டியில் இருந்தது. எழுதியவன் நீ. "உன்னையும் பாப்பாவையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்" என்று எனக்குப் படித்துக் காட்டினாய். தாளில் இருப்பது இது: "நடந்தது நடந்துவிட்டது. அதைப் பற்றி இனி எனக்கு எழுதாதே. நான் வந்த பிறகும் பேச்சை எடுக்காதே. பீப்பாய்களை நிரப்பத் தவறாதே." அடியில், கையெழுத்துக்குப் பதிலாக, என் சிலுவைக்குறி. நான்தான் போட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, அழகாக வரவேண்டும் என்று போட்டேன்.

ஜனவரி 17.

மூன்று நாள் எழுத முடியவில்லை. கை வலி. வேறொன்றுமில்லை.

1919இல் வீட்டுக்கு வந்தபோது என் பையில் ஒரு ஜோடி மரச்செருப்பு இருந்தது. ஐந்து வயதுக் கால் எவ்வளவு இருக்கும் என்று உன்னிடம் கேட்டுக் கேட்டுத்தானே செதுக்கினேன்? "இன்னும் கொஞ்சம் பெரிசாப் பண்ணு, வளர்ற புள்ள" என்றாய். வாசலிலேயே, "எங்கேடி என் மகள்?" என்று அந்தச் செருப்பை ஓதீலிடம் நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். "இதுல கூடவா கேலி?" என்றாள்.

அன்று முழுக்கக் கத்தினோம். எழுதினேன் என்றாள். எழுதவில்லை என்றேன். நீங்கள்தான் பேசாதே என்று பதில் போட்டீர்கள் என்றாள். பொய் என்றேன். அவள் டப்பாவைத் திறந்து ஒரு தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். எனக்கு அது கோழி கிளறிய மண். அதை எடுத்துக்கொண்டு நேரே உன் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

உன் அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நீ தாளை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினாய். இரண்டு பக்கமும் பார்த்தாய். "இதுல அப்படி ஒண்ணும் இல்லையேப்பா. பீப்பாய் நிரப்பினேன்னு எழுதியிருக்கா" என்றாய். "நல்லாப் பாரு" என்றேன். "ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொல்றியா?" என்றாய். இருவரும் சிரித்தோம். உன் வீட்டுச் சமையலறையில் நின்று நான் சிரித்தேன், எவரிஸ்த்.

திரும்பிப் போய் அவளைப் பொய்க்காரி என்றேன். குழந்தையைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு மறைக்கிறாய் என்றும் சொன்னேன். "வேற யார்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லுங்க" என்று காலைப் பிடித்தாள். "வீட்டு அசிங்கத்தை ஊருக்கு வாசிக்கவா?" என்று டப்பாவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். "என் எழுத்தைவிட அவன் நாக்கு உங்களுக்குப் பெரிசா?" என்று ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். மரச்செருப்பை எடுத்துக்கொண்டு கீழே போனாள். "இதுக்காவது ஆகட்டும்" என்று இடப்பக்கப் பீப்பாய் உருளாமல் இருக்க முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று முட்டுக் கொடுத்தாள். மறு வருஷம் நீ கனடாவுக்குப் போனாய். நல்ல வேலை கிடைத்தது என்று நினைத்தேன். அந்தப் பீப்பாயை உன் பங்குக்கு ஒதுக்கியது நான். நாற்பது வருஷமாக உன் ஒயின் என் மகளின் செருப்பு தாங்கித்தான் நிற்கிறது.

அதன் பிறகு முப்பத்திரண்டு வருஷம் அவளும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். சனிக்கிழமைதோறும் நிலவறைக்கு இறங்குவோம். மரம் குடித்தது போக, மூடியவிடத்தில் விரல் அளவு காலியாகியிருக்கும். அவள் நீள மூக்குச் செம்பால் ஊற்றுவாள். நான் காதை வைத்துக் கேட்பேன். நிரம்ப நிரம்பச் சத்தம் மெலிந்து மேலே ஏறும். "போதும்" என்பேன். அடுத்த பீப்பாய். "போதும்." எங்கள் தாம்பத்தியம் அந்த ஒரு சொல்தான்.

ஜனவரி 21.

நாளை எங்கள் புனித வின்சென்ட் திருநாள். கொடிக்காரர்கள் எல்லோரும் கோயிலுக்குப் போவோம். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

இந்தக் கடிதத்தைத் தொடங்கிய அன்று கீழே போய் உன் பீப்பாயிலிருந்து இரண்டு ஜாடி எடுத்தேன். ஒன்றை நான் குடித்தேன். இன்னொன்றை ஓதீலின் கல்லுக்கு முன்னால் ஊற்றினேன். பிறகு தக்கையை எடுத்துவிட்டு, ஓட்டையின் மேல் ஒரு காய்ந்த திராட்சை இலையை மட்டும் போட்டேன். அதற்கப்புறம் நிரப்பவில்லை. மற்ற பீப்பாய்களை நிரப்புகிறேன். உன்னுடையதைத் தாண்டிப் போகிறேன்.

என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம், நீ இந்த ஊரில் பிறந்தவன். ஆனாலும் எழுத ஆசையாக இருக்கிறது. முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு பாலாடை போல ஒரு வெள்ளைப் படலம். நிறம் மங்கும். மூக்கை வைத்தால் அடிபட்ட ஆப்பிள். அப்புறம் காடி. அதை எவராலும் திருப்ப முடியாது. இன்று பார்த்தேன், இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது. குளிர் உனக்கு உதவி செய்கிறது. மார்ச் முதல் சனிக்கிழமை வரை தாங்கும் என்று நினைக்கிறேன். விமானத் தபால் போக ஆறு நாள், வர ஆறு நாள். உனக்கு நிறையவே நேரம் இருக்கிறது. நான் உனக்குக் கொடுப்பது, நீ ஓதீலுக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

முகாமில் மறைத்ததைக் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் நான் கம்பிவேலியில் ஏறிச் சுடுபட்டுச் செத்திருப்பேன். அது கருணை என்று நீ எழுதினால் நம்பிவிடுவேன். நான் கேட்பது உன் வீட்டுச் சமையலறையைப் பற்றி. போர் முடிந்துவிட்டது. வேலி இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அந்த முதல் வரி உன் கண் முன்னால் இருந்தது. அப்போது ஏன் விழுங்கினாய்? வெட்கமா? பயமா? என்னை இழந்துவிடுவோம் என்றா? இல்லை, அவளை எனக்குத் தரக்கூடாது என்றா? எதுவாக இருந்தாலும் எழுது. உண்மை என்று எனக்குத் தோன்றினால், அந்தச் சனிக்கிழமையே பீப்பாயை நிரப்பித் தக்கையை அடிப்பேன். நீ வந்து குடிக்கலாம். எழுதாவிட்டாலும் வா. குழலில் எடுத்து நானே உன் வாயில் ஊற்றுகிறேன், காடியை.

என் குற்றம் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டியவளிடம் சொல்லக் கற்றுக்கொண்டபோது அவள் மண்ணுக்குள் இருக்கிறாள். ஆகையால் மிச்சமிருக்கும் உன்னிடம் கேட்கிறேன்.

செருப்புகளை உருவிவிட்டுக் கல்லை வைத்தேன். இதோ, மேஜையில் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கறுத்துவிட்டன. உடையவில்லை.

மார்ச் வரை ஆண்டவர் உன் வயிற்று வலியைத் தணிக்கட்டும். உன் கண்ணைப் பறிக்காமல், விரல்களுக்குப் பலம் கொடுக்கட்டும். தினமும் வேண்டிக்கொள்கிறேன், மனசாரத்தான். பதிலை நீயே எழுது, எவரிஸ்த். நடுங்கினாலும் பரவாயில்லை, கோணலாக வந்தாலும் பரவாயில்லை. படுக்கையில் கிடந்தபடி உன் மகளிடம் சொல்லி எழுதவைக்காதே, நர்ஸிடம் தாளைக் கொடுக்காதே. நீ சொல்வதைத்தான் அவர்கள் எழுதுகிறார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்?

படிக்கக் காத்திருக்கும்,
ஆன்செல்ம்
(இந்த முறை சிலுவைக்குறி இல்லை, பார்.)